‘ஓடு’ என்ற சொல்லுக்கு என்ன வரைவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு சொல் கொடுக்கிறார்கள், அதற்கு ஒரு படம் வரைய வேண்டும். சொல்லைப் பார்த்ததும் தோன்றுவதை வரைந்தால் எல்லோரும் வரைந்த படம் மாதிரியே வந்து நிற்கிறது. புதிதாக யோசிக்க உட்கார்ந்தால் வாரம் ஓடிவிடுகிறது. தாள், பேனா, ஸ்கேன் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரச் சொல் ‘ஓடு’.

முதலில் யோசனை. இந்தச் சிக்கலில் முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.

வாரக் கெடுவுக்குப் படம் போடுவது தமிழுக்குப் புதிதில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு மணியமும், ஆனந்த விகடனில் கோபுலுவும் வாராவாரம் வரைந்தார்கள். ஆனால் அவர்கள் கைக்கு வந்தது கதை. யார் எங்கே நிற்கிறார், என்ன நடக்கிறது என்பதெல்லாம் எழுத்திலேயே இருக்கும். எந்தக் கணத்தைப் பிடிப்பது என்பதுதான் ஓவியரின் முடிவு. ஒற்றைச் சொல்லில் அந்தக் கதை இல்லை. வெள்ளிதோறும் ஒரு சொல் கொடுத்துவந்த ‘இல்லஸ்ட்ரேஷன் ஃப்ரைடே’ இணையதளம் ஆகட்டும், அக்டோபரின் 31 நாளுக்கும் 31 சொல் தரும், ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-இல் தொடங்கிய ‘இங்க்டோபர்’ ஆகட்டும், காட்சியை எழுதும் வேலை வரைபவர் தலையில் விழுகிறது. அதை எழுதாமல் நேராகப் பென்சிலை எடுப்பதால்தான் படம் பொதுவாகப் போகிறது.

அதனால் சொல்லை வரையாதீர்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள், பிறகு அந்த வாக்கியத்தை வரையுங்கள். வாக்கியத்தில் ஒரு ஆளோ பொருளோ இருக்க வேண்டும், ஓர் இடம் இருக்க வேண்டும், ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். வினை இல்லாத வாக்கியம் பெரும்பாலும் அகராதிப் படமாகத்தான் முடியும்.

‘ஓடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 15 நிமிடம் டைமர் வைத்து, அந்தச் சொல்லுக்கு உள்ள எல்லாப் பொருளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஓடுவது, கூரை ஓடு, ஆமை ஓடு, நண்டு ஓடு, முட்டை ஓடு, நத்தை ஓடு, மண்டை ஓடு, திருவோடு. தமிழில் இப்படி அடுக்குப் பொருள் உள்ள சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன: படி, மாலை, நூல், ஆறு, திங்கள், திரை, கால். பிறமொழிச் சொல் வந்தாலும் இதையே செய்யலாம். ‘ஸ்பிரிங்’ என்று வந்தால் பாதிப் பேர் செர்ரிப் பூவை வரைவார்கள். அதைத் தமிழில் போட்டுப் பார்த்தால் வசந்தம், ஊற்று, சுருள்வில், துள்ளல் என்று நாலு கதவு திறக்கும். வசந்தம்தான் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் பூத்து வாசலெல்லாம் கொட்டும் வேப்பம்பூ இருக்கிறது. பார்த்தே இராத பூவைவிட, காலில் ஒட்டிய பூவை நன்றாக வரைவீர்கள்.

பட்டியல் முடிந்ததும் இரண்டு பொருளை எடுத்து முட்டவிடுங்கள். கூரை ஓடும் நத்தை ஓடும் முட்டினால் ‘கூரை மேல் நத்தை ஊர்கிறது’ என்று வரும். பரவாயில்லை, ஆனால் அது இன்னும் ஒரு தகவல்தான். அதை ஒரு படி தள்ளுங்கள்: ‘உடைந்துபோன ஓட்டின் இடத்தில் ஒரு நத்தை வந்து உட்கார்ந்திருக்கிறது.’ இதில் ஒரு குறை இருக்கிறது, அதை நிரப்ப வந்த ஒன்று இருக்கிறது. மழை என்று எழுதாமலே மழை தெரிகிறது. இங்கே நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாவது பொருளான ‘ஓடுவதை’யும் உள்ளே திணிக்க ஆசை வரும்: நத்தைக்குப் பின்னால் ஓடும் சிறுவன், ஓடும் பூனை. வேண்டாம். இரண்டு பொருள் சேர்ந்தால் படம். மூன்றாவதும் நுழைந்தால் விடுகதை. நத்தையைப் பார்த்து ‘ஓடு’ என்ற சொல்லையும் படிக்கிறவருக்கு அந்த மூன்றாவது தானாகவே தோன்றும். அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அமைதி, நம்பிக்கை, காத்திருப்பு போன்ற கண்ணுக்குப் புலப்படாத சொற்களில் இது இன்னும் கடினம். புறா, விளக்கு, கடிகாரம் என்று சின்னங்கள் வரிசை கட்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்தச் சொல் வீட்டில் எந்தப் பொருளிடம் தங்கியிருக்கிறது? அமைதி என்றால், மின்சாரம் போன கணத்தில் வேகம் குறைந்து நிற்கப்போகும் மின்விசிறி. அதன் மூன்று இறக்கைகளும் முதல்முறையாகத் தனித்தனியாகத் தெரிகின்றன, கீழே இருப்பவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். புறாவைவிட இதில் அமைதி அதிகம்.

இனி அளவுகள். ஏ4 தாளில் 16 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்துக்கு ஒரு சட்டம் போட்டு, எல்லா வாரமும் அதே அளவில் வரையுங்கள். இடமும் வலமும் 2.5 செ.மீ. ஓரம் மிஞ்சும், டேப் ஒட்டவும் நிறம் சோதிக்கவும் அது போதும். 4:5 விகிதம் என்பதால் இன்ஸ்டாகிராமின் 1080×1350 பிக்சல் அளவில் வெட்டாமல் அப்படியே உட்காரும். சின்ன மாதிரிப் படங்களை, அதாவது தம்ப்நெயில்களை, இதில் சரியாகக் கால் அளவான 4×5 செ.மீ. கட்டங்களில் போடுங்கள். ஒரு ஏ4 தாளில் நாலு நாலாக மூன்று வரிசை, மொத்தம் 12 கட்டம்.

கட்டத்துக்கு 3 நிமிடம். கூர்மையான பென்சில் வேண்டாம். தடிமனான மார்க்கரோ மழுங்கிய 6பி பென்சிலோ போதும். கூர்மையான முனை இருந்தால் கை நத்தையின் கொம்பை வரையப் போய்விடும். இந்தக் கட்டத்தில் தெரிய வேண்டியது இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, பெரியது எது என்பது மட்டும்தான். முதல் மூன்று கட்டமும் சாதாரணமாகத்தான் வரும். வரட்டும், வந்து போனால்தான் அடுத்தது வரும். பன்னிரண்டையும் முடிக்காமல் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நத்தைப் படத்துக்கு எப்படிக் கட்டங்கள் விழும் என்று பாருங்கள். வீடு முழுவதும் தெரிய வரைந்தால் நத்தை ஒரு புள்ளி ஆகிவிடும், ஃபோன் திரையில் காணாமலே போகும். நத்தையைப் பெரிதாகப் பக்கவாட்டில் வரைந்தால் விலங்கியல் பாடப் படம் மாதிரி இருக்கும். கூரை இருக்கும், குறை தெரியாது. கூரையை நேர் மேலிருந்து பார்ப்பதுபோல், சட்டம் முழுக்க ஓட்டு வரிசையாக நிரப்பி, ஒரே ஒரு இடத்தில் ஓட்டுக்குப் பதில் நத்தையை வைத்தால் சரியாக வேலை செய்கிறது. முதல் பார்வைக்கு வெறும் கூரை, இரண்டாவது பார்வையில் நத்தை. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து ஓரிடத்தில் மட்டும் முறியும்போது கண் தானாக அங்கே போய் நிற்கும், அம்புக்குறி தேவையில்லை. அந்த இடம் சட்டத்தின் நட்டநடுவில் இருக்க வேண்டாம். நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் மேலே தள்ளி வையுங்கள். நடுவில் வைத்தால் இரண்டாவது பார்வைக்கு வேலையே இருக்காது.

தேர்ந்தெடுத்த கட்டத்தைப் பெரிதாக்கும்போதுதான் பலருக்குப் படம் உயிர் விட்டுப்போகிறது. சின்னதில் இருந்த துடிப்பு, பெரிதாகத் திரும்ப வரையும்போது இறுகிவிடும். கண்ணால் பார்த்துப் பெருக்காதீர்கள். தம்ப்நெயிலில் 1 செ.மீ. கட்டம், பெரிய தாளில் 4 செ.மீ. கட்டம் போட்டு நகர்த்துங்கள்; அல்லது ஜெராக்ஸ் கடையில் 200 சதவீதமாக இரண்டு முறை பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸின் பின்புறத்தில் 4பி பென்சிலைப் பரப்பித் தேய்த்து, நல்ல தாளின் மேல் டேப்பால் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் கோட்டின் மேல் போனால் கீழே இறங்கிவிடும். அழுத்த வேண்டாம். அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், பிறகு தண்ணீர் நிறம் அந்தப் பள்ளத்தில் தங்கிக் கருங்கோடாகத் தெரியும், அதை அழிக்க வழியில்லை.

அதற்கு முன் ரெஃபரன்ஸ், அதாவது உண்மைப் பொருளையோ அதன் படத்தையோ, பார்க்க வேண்டும். இங்கே சோம்பல் பட்டால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். கூரை ஓடு என்றாலே இரண்டு வகை. தட்டையாக, பள்ளமும் வரம்புமாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது மங்களூர் ஓடு; பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஆலையில் இருந்து பரவியது. குழாயைப் பாதியாகப் பிளந்தது போல வளைந்திருப்பது குயவர் சக்கரத்தில் செய்யும் நாட்டு ஓடு. நத்தையின் முதுகு வளைவுக்குப் பொருந்துவது நாட்டு ஓடுதான், இந்தப் படத்துக்கு அதை எடுங்கள். எந்த வகையானாலும் மேல் வரிசையின் நுனி கீழ் வரிசையின் மேல் ஏறிப் படிந்திருக்கும், தண்ணீர் வழிந்து இறங்குவதற்காக. இதைத் தலைகீழாக, கீழ் ஓடு மேல் ஓட்டின் மேல் ஏறியதாக வரைந்தவர்கள் நிறைய. அந்தக் கூரையில் மழை முழுவதும் வீட்டுக்குள்தான் இறங்கும்.

நத்தைக்கும் அப்படி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் தோட்டங்களில் மொய்க்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை உட்பட பெரும்பாலான நத்தைகளின் சுருள் வலப்புறமாகத் திறப்பது. ஓட்டைக் கூர்முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். டிஜிட்டலில் வரைகிறவர்கள் அமைப்பு நன்றாக இருக்கிறதே என்று படத்தைக் கிடைமட்டமாகப் புரட்டிவிடுவார்கள், சுருளும் சேர்ந்து புரண்டுவிடும். புரட்டுவதானால் நத்தையின் ஓட்டை மட்டும் திரும்ப வரைந்துவிடுங்கள். கொம்பு இரண்டு ஜோடி: மேலே நீளமானது, கீழே குட்டையானது. கண் இருப்பது நீளமான ஜோடியின் நுனியில்.

ஒரு முடிவு மட்டும் நீங்களே எடுக்க வேண்டும். உண்மையில் நத்தை ஓடு கூரை ஓட்டைவிடச் சிறியது, இடைவெளியை அது அடைக்காது. பெரிதாக்கி அடைத்துவிடலாம், இல்லை அடைக்காமல் சுற்றிலும் கருப்பு இடைவெளி தெரிய விடலாம். முன்னது கொஞ்சம் குழந்தைப் புத்தகத் தன்மை தரும். பின்னது மனதைத் தொடும், ஏனென்றால் அந்தச் சின்ன உயிரால் அடைக்க முடியவில்லை என்பது தெரியும். பின்னதுதான் நல்ல படம்.

இறுதித் தாளைத் தொடும் முன் இன்னும் 30 நிமிடம் செலவழித்து, ஜெராக்ஸின் மேலேயே வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றே நிலைகளில் நிழல் போட்டுப் பாருங்கள். நத்தையின் ஓடும் கூரை ஓடும் ஒரே பழுப்பு நிறம். நிறத்தை நம்பினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், பிரித்துக் காட்ட வேண்டியது வெளிச்சமும் இருட்டும்தான். நனைந்த கூரை சாம்பலில், இடைவெளி முழுக் கருப்பில், நத்தை ஏறக்குறைய தாளின் வெள்ளையில். பிறகு ஃபோனில் படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக்கி, 3 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் நத்தை தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் எவ்வளவு அழகாக நிறம் போட்டாலும் தெரியப்போவதில்லை.

தாள்: பேனாக் கோடு மட்டும் என்றால் 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வழவழப்பான கார்ட்ரிட்ஜ் தாள் போதும். மேலே தண்ணீர் நிறம் வரப்போகிறது என்றால் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள். அதற்குக் குறைந்தால் நனைந்ததும் அலையலையாகத் தூக்கும், நிறம் பள்ளங்களில் தேங்கும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். எடுக்கும்போது தாள் முழுக்கக் காய்ந்த பிறகு, வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரித்தால் கிழியாது. நூறு சதவீதப் பருத்தித் தாள் எல்லா வாரமும் தேவையில்லை. மரக்கூழில் செய்த செல்லுலோஸ் தாளில் நிறம் சீக்கிரம் காயும், திரும்பத் திரும்பத் தேய்த்தால் மேற்பரப்பு பிய்ந்து துகள் துகளாக எழும். ஒரே வாஷில், அதாவது ஒரே பூச்சில், முடித்துவிடுபவருக்கு அது பிரச்சினையே இல்லை.

பேனாவில் பார்க்க வேண்டியது ஒன்றே: மை பிக்மென்ட் மையா, காய்ந்தபின் தண்ணீர் தாங்குமா. சகுரா மைக்ரான், ஸ்டெட்லர் பிக்மென்ட் லைனர் போன்றவை தாங்கும். சாதாரண ஜெல் பேனாவும் பவுன்டன் பேனா மையும் பெரும்பாலும் கரைந்து ஓடிவிடும். தெரியாத பேனா என்றால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 10 நிமிடம் கழித்து ஈரப் பிரஷால் தடவிப் பாருங்கள். இந்தியன் இங்க் நன்றாகத் தண்ணீர் தாங்கும், ஆழ்ந்த கருப்பு. ஆனால் அதை நிப்பிலோ பிரஷிலோ தொட்டுத்தான் எழுத வேண்டும். பவுன்டன் பேனாவில் ஊற்றினால் அதிலுள்ள கார்பனும் அரக்கும் உள்ளே உறைந்து பேனா போய்விடும்.

நத்தையின் வெளிக்கோட்டுக்கு 0.5 மி.மீ. பேனா முனை, தூர ஓடுகளுக்கு 0.1, ஒவ்வொரு ஓட்டின் கீழும் விழும் நிழல் கோட்டுக்கு 0.8. எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் போட்டால் கூரை ஒரு துணி டிசைன் ஆகிவிடும். எல்லா ஓட்டையும் முழுசாக வரையவும் வேண்டாம். நத்தையைச் சுற்றி ஏழெட்டு ஓடுகளுக்கு விரிசல், பாசி, விளிம்புச் சிதைவு எல்லாம் கொடுங்கள். ஓரத்துக்குப் போகப் போக வளைவுக் கோடு மட்டும் போதும். பென்சில் கோட்டின் மேல் மை போடும்போது கிராஃபைட் பேனா முனையில் அடைத்துக்கொள்ளும், கோடு சாம்பலாக இறங்கும். அதனால் முதலில் மாவு போன்ற நீடபிள் ரப்பரால் பென்சிலை ஒற்றி மங்கலாக்கிவிடுங்கள். மை போட்டு முடித்தபின் குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் சாதாரண ரப்பர். அவசரப்பட்டால் மை இழுபடும், கருப்பும் வெளுக்கும்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். செம்பழுப்பான பர்ன்ட் சியென்னா, அல்ட்ராமரின் நீலம், மண் மஞ்சளான யெல்லோ ஓக்கர். முதல் இரண்டையும் கலந்தால் செம்மண் பழுப்பில் தொடங்கி மழை மேகச் சாம்பல் வரை எல்லாம் கிடைக்கும், ஓட்டுக்கும் நிழலுக்கும் அதுவே போதும். முதல் வாஷ் வெளிறியதாக, நத்தையை மட்டும் விட்டுவிட்டுக் கூரை முழுவதும். பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் நிறம் அடியில் மணியாகத் திரண்டு நிற்கும், அந்த மணியை இழுத்துக்கொண்டே கீழே வாருங்கள். பாதி காய்ந்த நிறத்தில் ஈரப் பிரஷ் பட்டால் காலிஃப்ளவர் போலக் கறை விரியும். புதிய தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய் விளிம்பில் குவிப்பதுதான் காரணம். காய்ந்ததா என்று தெரிய புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கூரைக்கு ஒன்றிரண்டு கறை விழுந்தாலும் பாசி மாதிரி அழகாகவே இருக்கும். நத்தையின் ஓட்டில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாஷ் நிழல்களுக்கு, மூன்றாவது அந்தக் கருப்பு இடைவெளிக்கு. அதோடு பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், 16×20 செ.மீ. படம் ஏறக்குறைய 1890×2362 பிக்சலாக வரும். வெறும் கோட்டுப் படம் என்றால் 600. ஸ்கேனர் இல்லாவிட்டால் வெயில் நேராகப் படாத ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஃபோனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் சட்டத்தின் ஓரங்கள் வளையும், ஆகவே கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது. பிறகு படம் திருத்தும் செயலியில் வெளிச்சம், இருட்டைச் சரிசெய்யும் ‘லெவல்ஸ்’ வசதியில் தாளை வெள்ளையாக்குவதுதான் முக்கியத் திருத்தம். அங்கே கை மிஞ்சினால் முதல் வெளிறிய வாஷ் முழுவதும் அழிந்துபோகும். நத்தையின் ஓட்டில் உள்ள மெல்லிய ஓக்கரைக் கண்ணில் வைத்துக்கொண்டு நகர்த்துங்கள், அது மறையத் தொடங்கினால் ஓரடி பின்வாங்குங்கள்.

நேரக் கணக்கு இப்படி வரும். வெள்ளி இரவு சொற்பட்டியலும் வாக்கியமும் 20 நிமிடம். சனிக்கிழமை தம்ப்நெயில் 45 நிமிடம். ஞாயிறு ரெஃபரன்ஸும் பெரிதாக்குவதும் ஒரு மணி நேரம். திங்கள் ஒளி நிழல் சோதனை அரை மணி. செவ்வாய், புதன் இரண்டு நாளும் சேர்த்து மையும் நிறமும் 3 மணி நேரம். வியாழன் ஸ்கேன் அரை மணி. மொத்தம் 6 மணி நேரம் சொச்சம். பெரும்பாலோர் வியாழன் இரவு ஒரே மூச்சில் 5 மணி நேரம் உட்கார்ந்து, அதில் மூன்றைச் சாமத்தில் யோசிப்பதற்கே செலவழிக்கிறார்கள். யோசனைக்கு இடையில் ஒரு தூக்கம் இருந்தால் பாதி வேலை அதிலேயே முடியும். ஒரு வாரம் தவறிவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். பாக்கி வைத்து அடுத்த வாரம் இரண்டு வரையப் போனால் இரண்டும் சவலையாகப் போகும்.

கழித்துக்கட்டிய 11 தம்ப்நெயில்களையும் தூக்கிப் போடாதீர்கள். தாளின் பின்புறம் பென்சிலால் சொல்லையும் தேதியையும் எழுதி ஒரு கோப்பில் வையுங்கள். மை வேண்டாம், நாளாக நாளாக முன்பக்கத்துக்கு ஊறும். வீடு, மழை, இடைவெளி, மெதுவாக என்று ஏதாவது ஒரு சொல் பின்னால் வரும்போது அந்தப் பதினொன்றில் ஒன்று தயாராகக் காத்திருக்கும்.